இரண்டாம் முறை எழுதும் மூளை

சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஓ நிலைத் தேர்வின் தமிழ்த்தாளுக்காக ஆண்டிறுதிவரை காத்திருப்பதில்லை. மற்ற பாடங்களின் எழுத்துத் தாள்கள் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். தாய்மொழித் தாளை மட்டும் ஆண்டின் நடுவிலேயே எழுதிவிடுகிறார்கள். முடிவு ஆகஸ்டில் கைக்கு வருகிறது. நினைத்த தரம் கிடைக்காதவர்கள் ஆண்டிறுதியில் அதே பாடத்தை இன்னொரு முறை எழுதலாம். இரண்டில் எது மேலானதோ அதுவே கணக்கில் சேரும். சீனமும் மலாயும் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடுதான்.

முடிவு வந்த நாளுக்கும் மறுதேர்வுக்கும் இடையில் ஏறத்தாழப் பத்து வாரம் இருக்கிறது. ஏ1 எதிர்பார்த்து பி4 வாங்கிய பிள்ளைக்கு அந்த ஆகஸ்ட் மாலை கசப்பானது. படித்ததெல்லாம் வீண் என்று தோன்றும்; மறுபடி முதல் பக்கத்திலிருந்தா என்ற மலைப்பு வரும். நினைவாற்றலைப் பற்றி ஏறத்தாழ 140 ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வு இந்த இரண்டு எண்ணங்களையும் மறுக்கிறது. முதல் முறை படித்தது வீணாகவில்லை; யாரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. ஆனால், முன்பு படித்த அதே விதத்தில் படித்தால் பத்து வாரமும் பெரும்பாலும் பலனில்லாமல் கழியும் என்றும் அந்த ஆய்வு எச்சரிக்கிறது.

மறந்தது எங்கே போகிறது?

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டவர். பொருளே இல்லாத அசைகளை ஏறத்தாழ 2,300 உருவாக்கி, அவற்றைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தார். குறிப்பிட்ட இடைவெளி விட்டு, அதே பட்டியலை மறுபடி பிழையின்றிச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தார். 1885இல் அவர் வெளியிட்ட நூலில்தான் புகழ்பெற்ற மறதி வளைகோடு பிறந்தது.

அந்த வளைகோட்டைப் பலரும் சோகச் செய்தியாகவே எடுத்துச் சொல்கிறார்கள்: ஒரு நாளில் இவ்வளவு மறந்துபோகும், ஒரு மாதத்தில் இவ்வளவு மறந்துபோகும் என்று. எபிங்ஹாஸ் உண்மையில் அளந்தது மிச்சத்தை. ஒரு பட்டியலை முதன்முறை மனப்பாடம் செய்ய 1,000 நொடி பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கழித்து அதையே மறுபடி கற்க ஏறத்தாழ 660 நொடி போதும். 31 நாள் கழித்து, பட்டியலைத் தானாகச் சொல்ல வராத நிலையிலும், 790 நொடிதான் தேவைப்படும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். பொருளற்ற அசைகளுக்கே இந்த நிலை. பொருளும் தொடர்பும் உள்ள பாடங்கள் இதைவிட நன்றாகவே தங்கும். 2015இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோதும், ஏறத்தாழ அதே வளைகோடு கிடைத்தது.

மறந்துவிட்டதாக நாம் நினைப்பதில் ஒரு பகுதி அழிந்துபோவதில்லை. நேரத்துக்குக் கைக்கு எட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான். மறுதேர்வு எழுதுபவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

ஒரு தரம் எதைச் சொல்கிறது?

ஓ நிலை முடிவில் மாணவருக்குத் தெரிவது தரம் மட்டுமே. எத்தனை மதிப்பெண் என்று தெரியாது, திருத்திய விடைத்தாளும் திரும்பி வராது. எந்த வினாவில் சறுக்கினோம் என்பதையும், எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றோம் என்பதையும் அது காட்டுவதில்லை.

எந்த அளவீட்டிலும் ஒரு நடுக்கம் உண்டு. தேக்கா ஈரச்சந்தையில் ஒரே மீனை நான்கு கடைத் தராசுகளில் நிறுத்தால் நான்கும் இம்மி பிசகாமல் ஒரே எண்ணைக் காட்டாது. தேர்வும் அப்படித்தான். அன்று வந்த கட்டுரைத் தலைப்பு, முந்தைய இரவின் தூக்கம், கருத்தறிதல் பத்தியில் எதிர்ப்பட்ட ஒரு புதிய சொல் எல்லாமாகச் சேர்ந்து மதிப்பெண்ணைச் சற்று மேலேயோ கீழேயோ தள்ளும். நாம் காணும் மதிப்பெண்ணில் உண்மையான திறனும் பிழையும் கலந்தே இருக்கின்றன என்ற கருத்துக்கு 1904இல் கணித வடிவம் கொடுத்தவர் சார்லஸ் ஸ்பியர்மன். இன்றைய பொதுத் தேர்வுகளின் அளவீட்டுக் கோட்பாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சும் இதை உணர்ந்து நடந்திருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுக் கணக்கிட்ட பழைய மொத்தப் புள்ளி முறை 2021இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பாடத்துக்கும் எட்டு அடைவுநிலைகள் வந்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அளவுக்கு மீறி நுணுக்கமாகப் பிரிக்கக்கூடாது என்பது அமைச்சு சொன்ன காரணம். அதிலும் எல்லைக்கோடுகள் இருக்கத்தான் செய்கின்றன. 85 எடுத்தால் அடைவுநிலை 2, 84 எடுத்தால் அடைவுநிலை 3. அந்த ஒரு மதிப்பெண் இரண்டு பிள்ளைகளின் தமிழறிவை வேறுபடுத்திக் காட்டுகிறது என்று யாரும் சொல்ல முடியாது.

இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. வகுப்புத் தேர்வுகளில் வழக்கமாக எடுக்கும் அளவைவிட இந்த முறை தரம் குறைந்ததா? அப்படியானால், அடுத்த முறை அது வழக்கமான அளவை நோக்கித் திரும்பவே வாய்ப்பு அதிகம். பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஆராய்ந்தபோது விளக்கிய சராசரிக்குத் திரும்பும் போக்கு இதுதான். ஆனால், தரம் வழக்கமான அளவிலேயே வந்திருந்தால், அது அதிர்ஷ்டக் குறைவு அல்ல. அங்கே மாற வேண்டியது படிக்கும் முறை. பள்ளியில் எழுதிய தேர்வுகளின் திருத்திய தாள்களை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

வாசிப்பதும் வரவழைப்பதும்

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் புத்தகக் கடைகளில் பத்தாண்டு வினாத்தாள் தொகுப்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் வாயில் அது ‘டென் இயர் சீரிஸ்’. மறுதேர்வுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி குறைவு. ஆனால், பலரும் அதைப் பயன்படுத்தும் விதம் ஒன்றுதான்: வினாவை வாசிப்பது, பின்பக்கத்தைப் புரட்டி விடையை வாசிப்பது, ‘ஆமாம், தெரியும்’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த வினாவுக்குப் போவது.

அந்தத் தலையாட்டல் ஏமாற்றக்கூடியது என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். ஒரே பத்தியை ஒரு குழு நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, மூன்று முறை பத்தியைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை வாசித்தவர்கள் முந்தினார்கள்: 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடுதான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இன்னொன்றும் தெரியவந்தது. வாசித்தே பழகிய குழுதான் தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியது.

ஒன்றை நினைவிலிருந்து வரவழைக்கும் ஒவ்வொரு முயற்சியும் அந்த நினைவுக்குப் போகும் வழியைப் பலப்படுத்துகிறது. திரும்ப வாசிக்கும்போது கண்ணுக்குப் பழக்கம் கூடுகிறது. அந்தப் பழக்கத்தையே அறிவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே பத்தாண்டுத் தொகுப்பின் விடைப் பக்கங்களை ஒரு காகிதக் கவ்வியால் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். சுயவிடைக் கருத்தறிதலுக்குச் சொந்த விடையை முழு வாக்கியமாக எழுதி முடித்த பிறகுதான் கவ்வியைக் கழற்ற வேண்டும். மாதிரிக் கட்டுரையைப் பத்து முறை வாசிப்பதை விட்டு, ஒருமுறை வாசித்து மூடிவைத்து, அதன் கருத்து வரிசையையும் மனத்தில் தங்கிய தொடர்களையும் வெற்றுத் தாளில் எழுதிப் பார்க்கலாம்.

மொழிப் பாடத்துக்கு இது இன்னும் ஆழமாகப் பொருந்தும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ்ச் சொற்கள் தெரியும். அவற்றை வரவழைக்கும் வாய்ப்புதான் குறைவு. வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும்போது ‘சொல் தொண்டைவரை வருகிறது, வாய்க்கு வரவில்லை’ என்று பிள்ளைகள் திணறுவது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கும்போது அம்மாவுக்குப் பதிலாகப் பிள்ளையே கடைக்காரரிடம் தமிழில் விலை கேட்டு, பேரம் பேசி, எந்த ஊர்க் காய் என்று விசாரித்தால் அதுவும் வரவழைக்கும் பயிற்சிதான்.

‘படித்துப் பார்த்தான்’, ‘வந்து பார்த்தான்’

சந்தி இலக்கணத்தைப் பயிற்சி நூல்கள் வழக்கமாக இரண்டு பகுதிகளாகத் தரும். முதலில் வல்லினம் மிகும் இடங்கள், அதற்கு இருபது பயிற்சி. பிறகு வல்லினம் மிகா இடங்கள், அதற்கு இருபது. முதல் பகுதியைச் செய்யும் பிள்ளை மூன்றாவது வினாவுக்குள் விஷயத்தைப் பிடித்துவிடும்: எல்லாவற்றிலும் ஒற்றெழுத்துப் போட்டால் போதும். இருபதுக்கு இருபது வரும். தேர்வு மண்டபத்தில் அதே பிள்ளை தடுமாறும்.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ‘படித்துப் பார்த்தான்’ என்பதில் ப் மிகுகிறது. ‘வந்து பார்த்தான்’ என்பதில் மிகவில்லை. இரண்டும் உகரத்தில் முடியும் வினையெச்சங்கள். பின்னால் வருவதும் ஒரே சொல். வேறுபாடு கடைசி எழுத்துக்கு முன்னால் ஒளிந்திருக்கிறது. ‘படித்து’ என்பதில் து-வுக்கு முன் நிற்பது த் என்ற வல்லெழுத்து. ‘வந்து’ என்பதில் ந் என்ற மெல்லெழுத்து. வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும், மென்தொடர் வினையெச்சத்தின் பின் மிகாது. தனித்தனிப் பகுதியாகப் பயிற்சி செய்த பிள்ளைக்கு இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டிய தேவையே வந்திருக்காது. எந்த விதி என்று தேர்ந்தெடுக்கும் வேலையைப் பயிற்சி நூலின் தலைப்பே செய்து கொடுத்துவிட்டது. தேர்வுத் தாளில் அப்படி ஒரு தலைப்பு இருக்காது.

கணிதத்தில் இதை அளந்து பார்த்தவர்கள் டக் ரோரரும் கெல்லி டெய்லரும். 2007இல் வெளியான அவர்களது ஆய்வில், கன அளவு காணும் நான்கு வகைக் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகச் செய்தது. இன்னொரு குழு கலந்து செய்தது. பயிற்சியின்போது வகை வகையாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். கலந்து செய்தவர்கள் 63 எடுத்தார்கள். பயிற்சியில் தடுமாறுவது கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. பெரும்பாலும் அந்தத் தடுமாற்றத்துக்குள்தான் கற்றல் நடக்கிறது.

தப்பான விடை தரும் லாபம்

திருத்திய பழைய தாளைத் திறந்து பார்க்கவே பல பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை. சிவப்பு மை குத்தும். ஆனால், மூளைக்கு அந்தச் சிவப்பு மை விலைமதிப்புள்ளது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜேனட் மெட்காஃபும் பிராடி பட்டர்ஃபீல்டும் 2001இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார்கள். அரைகுறை நம்பிக்கையோடு சொன்ன தப்பான விடையைவிட, அடித்துச் சொன்ன தப்பான விடைதான் திருத்தப்பட்ட பிறகு நன்றாகச் சரியாகிறது. நிச்சயம் என்று எண்ணியது பொய்த்துப்போகும்போது மூளை துணுக்குற்றுக் கவனம் கொள்கிறது. அந்தக் கவனத்தில் சரியான விடை ஆழப் பதிகிறது.

ஆகவே பழைய தாள்களைப் பார்க்கும்போது பிழைகளை ஒரே கூடையில் போடக்கூடாது. ‘இது சரி என்று சத்தியமே செய்திருப்பேன்’ என்று தோன்றும் பிழைகளைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். மிக விரைவில் மதிப்பெண்ணாக மாறக்கூடியவை அவைதான். ஒரு நிபந்தனை உண்டு: சரியான விடையைப் பார்த்தால் மட்டும் போதாது, சில நாள் கழித்துத் தாளைப் பார்க்காமல் அதைத் தானே எழுத வேண்டும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை

எவ்வளவு இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நல்லது? நிக்கோலஸ் செப்பேடாவும் அவருடைய சகாக்களும் 2008இல் 1,350க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். சிறந்த இடைவெளி, தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒரு நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நன்று. 70 நாளில் தேர்வு என்றால் ஏறத்தாழ மூன்று வாரம்.

இந்த எழுபது நாள், முடிவுக்கும் மறுதேர்வுக்கும் நடுவில் கிடைக்கும் பத்து வாரத்தோடு பொருந்திப்போகிறது. ஆகஸ்டில் ஒரு சுற்று, செப்டம்பரில் ஒரு சுற்று, அக்டோபரில் ஒரு சுற்று என்று பாடம் முழுவதையும் மும்முறை தொடலாம். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட விரைவாக முடியும், ஏனென்றால் எபிங்ஹாஸ் கண்ட மிச்சம் ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே வருகிறது. கடைசி வாரத்தில் தூக்கத்தைக் குறைத்து மொத்தத்தையும் விழுங்க முயல்வது இந்தக் கணக்கைக் கெடுக்கும். படித்த பின் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிட மிக அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924லேயே காட்டியிருக்கிறார்கள்.

நெஞ்சு படபடக்கும்போது

ஒருமுறை சறுக்கியவர் மறுபடி மண்டபத்துக்குள் நுழையும்போது பயம் இரண்டு மடங்காக இருக்கும். மன அழுத்தம் நினைவை வரவழைக்கும் ஆற்றலை மங்கச் செய்யும் என்பது உண்மை. ஆனால், டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஒரு விதிவிலக்கைக் கண்டார்கள். சொற்களையும் படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்றவர்களின் நினைவு, மறுநாள் அழுத்தத்துக்கு உள்ளானதும் சரிந்தது. அவற்றையே நினைவிலிருந்து வரவழைத்துப் பழகியவர்களின் நினைவு அசையவில்லை. முன்பு சொன்ன அதே பயிற்சி இங்கே கவசமாகவும் வேலை செய்கிறது.

படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதும் முக்கியம். ஜெரமி ஜேமிசனும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஜிஆர்இ தேர்வுக்குத் தயாரான மாணவர்களில் ஒரு குழுவிடம், நெஞ்சு வேகமாக அடிப்பது கெடுதல் செய்யாது, செயலுக்கு உதவவும் கூடும் என்று மட்டும் சொல்லப்பட்டது. பயிற்சித் தேர்வின் கணிதப் பகுதியில் அவர்கள் மேலாகச் செய்தார்கள்; பிறகு எழுதிய உண்மையான தேர்விலும் அந்த முன்னிலை தொடர்ந்தது.

வீட்டில் பேசும் பேச்சுக்கும் இதில் பங்கு உண்டு. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ1, நீ ஏன் இப்படி?’ என்ற கேள்வி எந்தச் சந்தியையும் கற்றுத்தராது. ‘இந்தப் பத்தியைப் படிச்சியே, என்ன சொல்லுது, பார்க்காம சொல்லு’ என்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா கேட்பது கற்றுத்தரும்.

கேட்க ஆள் இல்லாத வீடுகளும் உண்டு. அதை உணர்ந்துதான் இந்தியர் சமூகம் 1991இல் சிண்டா என்ற உதவி அமைப்பை உருவாக்கியது. இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் சிறு தொகை அதன் துணைப்பாட வகுப்புகளைத் தாங்குகிறது. அதன் அலுவலகம் லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி சாலையில் இருக்கிறது. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள் வந்து படிக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமும் அதே சாலையில்தான். இரண்டாம் வாய்ப்பை ஒரு பிள்ளையின் தனிப் பாரமாக விட்டுவிடக்கூடாது என்று ஒரு சமூகம் எடுத்த முடிவு அந்த வகுப்பறைகளில் தெரிகிறது. 2027இல் ஓ நிலைத் தேர்வின் இடத்தில் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. தேர்வின் பெயரும் கால அட்டவணையும் மாறலாம். மூளை கற்கும் விதம் மாறப்போவதில்லை.

எல்லோரும் மறுபடி எழுதத்தான் வேண்டும் என்பதில்லை. வாங்கிய தரமே அடுத்த படிக்குப் போதுமானால் அந்தப் பத்து வாரத்தை வேறு பாடத்துக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். எழுதுவது என்று முடிவெடுத்தவர் புதிய புத்தகம் வாங்க ஓட வேண்டாம். முதல் மாலை, எல்லாப் புத்தகங்களையும் மூடிவைத்துவிட்டு, வெற்றுத் தாளில் தனக்குத் தெரிந்த சந்தி விதிகளையும், மரபுத்தொடர்களையும், சென்ற முறை எழுதிய கட்டுரையின் கருத்துகளையும் ஒரு மணி நேரம் எழுதட்டும். தாள் நிரம்பும் அளவைப் பார்த்து அவரே வியப்பார். நிரம்பாத இடங்கள் எவை என்று எழுதி முடித்ததும் தெரிந்துவிடும். மறுநாள் படிப்பை அந்த இடங்களிலிருந்து தொடங்கலாம்.